கேபிளைப் பிடுங்கினால் ரீசெட், விடிந்தால் ரீசெட்: மூன்று மின்மூலங்களை ஒரு லோடுக்கு இணைப்பது

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு 18650 லித்தியம் அயான் செல், யூஎஸ்பி-சி போர்ட், 6 வோல்ட் 1 வாட் சோலார் பேனல் ஆகிய மூன்றிலும் ஓடும் கையடக்க டேட்டா லாகர் (அளவீடுகளைப் பதிவு செய்யும் கருவி) இது. யூஎஸ்பியும் பேனலும் தனித்தனி ஷாட்கி டையோடு (குறைந்த வோல்ட்டேஜ் இழப்போடு கரன்ட்டை ஒரே திசையில் விடும் பாகம்) வழியாக டிபி4056 சார்ஜர் மாட்யூலின் இன்புட்டில் சேர்கின்றன. அங்கிருந்து மூன்றாவது ஷாட்கி ஒன்று லோடு லைனுக்கு (கருவிக்கு மின்சாரம் தரும் கம்பி) போகிறது. பேட்டரியிலிருந்து லோடு லைனுக்கு ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட், அதாவது கேட் முனையின் வோல்ட்டேஜ் லோடு பக்கமுள்ள சோர்ஸ் முனையைவிடப் போதிய அளவு கீழே இறங்கினால் திறந்து கரன்ட்டை விடும் ஸ்விட்ச். அதன் கேட் சார்ஜர் இன்புட்டோடு கட்டப்பட்டு, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்குப் போகிறது. பிறகு 3.3 வோல்ட் ரெகுலேட்டர், வைஃபை உள்ள கன்ட்ரோலர். விழித்திருக்கும்போது 120 மில்லி ஆம்ப், வைஃபை அனுப்பும் கணத்தில் 300.

புகார்கள் நான்கு. கேபிளைப் பிடுங்கினால் சில நேரம் ரீசெட் ஆகிறது. யாரும் தொடாமலே விடியற்காலையில் ரீசெட் ஆகிறது. இருபுறமும் சி முனை உள்ள கேபிளில் சார்ஜ் ஏறுவதே இல்லை. தூங்கவைத்து எடுத்து வைத்தாலும் பேட்டரி இரண்டு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை.

முதல் இரண்டும் ஒரே கோளாறுதான். அதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கேபிள் செருகியிருக்கும்போது சார்ஜர் இன்புட்டில் சுமார் 4.65 வோல்ட், லோடு லைனில் 4.3. கேட் சோர்ஸைவிட மேலே இருப்பதால் மாஸ்ஃபெட் மூடியிருக்கிறது. இதுவரை சரி. இப்போது கேபிளைப் பிடுங்குங்கள். பேட்டரி 3.7 வோல்ட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லோடு லைன் சட்டென்று இறங்கி 3.05 வோல்ட்டில் நிற்கும், ஏனென்றால் அந்த இடத்தில் மாஸ்ஃபெட்டின் உள்டையோடு (அதற்குள்ளேயே இயல்பாக அமைந்த டையோடு) 0.65 வோல்ட்டைத் தின்றபடி கரன்ட் கொடுக்கத் தொடங்கும். உடனே மாஸ்ஃபெட் திறந்துவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். திறக்காது. கேட் கட்டப்பட்டிருக்கும் அதே புள்ளியில் சார்ஜர் மாட்யூலின் 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் உட்கார்ந்திருக்கிறது. அது 3.2 வோல்ட் வரை லோடுக்குக் கொட்டிவிடும். அதற்குக் கீழே மூன்றாவது ஷாட்கி கடத்தாது, எனவே மிச்சம் 100 கிலோ ஓம் வழியாகத்தான் வடிய வேண்டும். 10 மைக்ரோ ஃபாரட்டையும் 100 கிலோ ஓமையும் பெருக்கினால் 1 விநாடி. கேட் சோர்ஸைவிட 1 வோல்ட் கீழே போக, அதாவது 3.2-லிருந்து 2.05-க்கு வர, கிட்டத்தட்ட அரை விநாடி. அந்த அரை விநாடியும் ரெகுலேட்டருக்குக் கிடைப்பது 3.05 வோல்ட், வெளியே வருவது 2.9-க்கும் கீழே. அதற்குள் வைஃபை ஒருமுறை விழித்தால் கதை முடிந்தது. பேட்டரி 4.1 வோல்ட்டில் இருந்தால் இதே குழி 3.45-ல் நிற்கும், கன்ட்ரோலர் தப்பித்துவிடும். 'சில நேரம்' என்று உங்களுக்குத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

இதோடு ஷாட்கியின் தலைகீழ் கசிவையும் கணக்கில் எடுங்கள். எஸ்எஸ்14 மாதிரியான டையோடுகள் அறை வெப்பத்திலேயே சில பத்து மைக்ரோ ஆம்ப் கசியக்கூடியவை, சூடேறினால் பல மடங்கு. 30 மைக்ரோ ஆம்ப் கசிவு 100 கிலோ ஓமில் பாய்ந்தால் 3 வோல்ட். அப்படியானால் கேட் அரை விநாடி கழித்தும் இறங்காது, மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்கவே திறக்காது, கருவி நாள் முழுதும் உள்டையோடு வழியாகவே ஓடும். பேட்டரி பாதி இருக்கும்போதே கருவி செத்துப்போகிறது என்று பழியை செல் மேல் போடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் நடப்பது இதுதான்.

விடியற்காலைக்கு வருவோம். சோலார் பேனலின் திறந்த சுற்று வோல்ட்டேஜ் வெளிச்சத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதல்ல, மடக்கை விகிதத்தில் ஏறுவது. மங்கலான வெளிச்சத்திலேயே லோடு இல்லாவிட்டால் 5 வோல்ட் காட்டிவிடும், ஆனால் கேட்டால் 5 மில்லி ஆம்ப் கூடக் கொடுக்காது. உங்கள் சுற்றில் அந்தப் பொய் 5 வோல்ட் போய் மாஸ்ஃபெட்டை மூடிவிடுகிறது. லோடு பேனலை இழுத்துக் கீழே கொண்டுவருகிறது, ஆனாலும் மூன்றாவது ஷாட்கியின் 0.2 வோல்ட் காரணமாகக் கேட் எப்போதும் சோர்ஸைவிடச் சற்று மேலேயே நிற்கிறது. மறுபடியும் உள்டையோடு, மறுபடியும் 3.05. இரவெல்லாம் ஓடி பேட்டரி இறங்கியிருக்கும் நேரம் வேறு. விடிந்ததும் ரீசெட் ஆவதில் ஆச்சரியமே இல்லை.

ஆகவே மின்மூலங்களை வோல்ட்டேஜை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எவ்வளவு கரன்ட் தாங்கும் என்பதே முக்கியம். யூஎஸ்பி 5 வோல்ட் என்றால் பின்னால் குறைந்தது சில நூறு மில்லி ஆம்ப் உண்டு. பேனலின் 6 வோல்ட்டுக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. 'எது உயர்ந்த வோல்ட்டேஜோ அதற்கு மாறு' என்று வேலை செய்யும் தானியங்கி பவர் மக்ஸ் சிப்பை இதற்கு வாங்கிப் போட்டால் இன்னும் மோசம்: பேனலுக்கு மாறும், பேனல் சரியும், திரும்ப வரும், பேனல் ஏறும், மறுபடி மாறும். பேனலை லோடு லைனிலிருந்து அறவே விலக்குங்கள். அது சார்ஜரோடு மட்டும் பேசட்டும்.

இருக்கும் பாகங்களை வைத்தே திருத்துவது இப்படி. யூஎஸ்பி கனெக்டரின் பாசிட்டிவ் பின்னிலிருந்து மூன்று கிளை பிரியுங்கள். முதல் கிளை ஒரு ஷாட்கி வழியாகச் சார்ஜர் இன்புட்டுக்கு. இரண்டாவது இன்னொரு ஷாட்கி வழியாக லோடு லைனுக்கு. மூன்றாவது நேராக மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு, அங்கே கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட். பேனல் தன் ஷாட்கி வழியாகச் சார்ஜர் இன்புட்டுக்கு மட்டும். இப்போது 10 மைக்ரோ ஃபாரட் டையோடுக்குப் பின்னால் போய்விட்டது, கேட்டின் நேர மாறிலி 1 மில்லி விநாடி. 5 வோல்ட்டிலிருந்து 2.6-க்கு இறங்க 0.65 மில்லி விநாடி போதும். 10 கிலோ ஓம் வீணாக்கும் அரை மில்லி ஆம்ப் கேபிள் இருக்கும்போது மட்டுமே, பேட்டரியிலிருந்து அல்ல.

அந்த 0.65 மில்லி விநாடியைக் கடக்க லோடு லைனில் கெபாசிட்டர் வேண்டும். கணக்கு எளிது: 300 மில்லி ஆம்ப்பை 0.65 மில்லி விநாடியால் பெருக்கி, விடக்கூடிய வோல்ட்டேஜால் வகுக்க வேண்டும். புதிய அமைப்பில் லோடு லைன் 4.65-ல் தொடங்குகிறது, 3.5 வரை விடலாம், ஆக 1.15 வோல்ட். விடை 170 மைக்ரோ ஃபாரட். 220 போடுங்கள், எலக்ட்ரோலிட்டிக் அல்லது டான்டலம். செராமிக்கில் அச்சடித்த மதிப்பை நம்பாதீர்கள்: 6.3 வோல்ட் 0603 அளவு 10 மைக்ரோ ஃபாரட் செராமிக் 5 வோல்ட் ஏறியதும் பாதிக்கும் கீழே போய்விடுவது சகஜம். இன்னொரு விஷயம், யூஎஸ்பி விதிப்படி செருகும் கணத்தில் போர்ட் பார்க்கும் கெபாசிட்டன்ஸ் 10 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது. லோடு லைன் ஏற்கெனவே பேட்டரி வோல்ட்டேஜில் நிரம்பி இருப்பதால் 220 பெரிய தொல்லை தராது. ஆனால் செல் இல்லாமல் செருகினால் கணினி போர்ட் முறைத்துக்கொள்ளலாம்.

மாஸ்ஃபெட்டைத் திருப்பி வைக்கும் தவறும் அடிக்கடி நடக்கிறது. ட்ரெயின் பேட்டரிப் பக்கம், சோர்ஸ் லோடுப் பக்கம். வழக்கமான ஸ்விட்ச் சுற்றுக்கு நேர்மாறு. மாற்றி வைத்தால் யூஎஸ்பியின் 4.65 வோல்ட் உள்டையோடு வழியாகச் சார்ஜரைத் தாண்டி நேராக செல்லுக்குள் கரன்ட்டைத் திணிக்கும், தடுக்க எந்த வரம்பும் இருக்காது. பாகம் தேர்வு செய்யும்போது ஆன் ரெசிஸ்டன்ஸ் 2.5 வோல்ட் கேட் டிரைவில் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏஓ3401ஏ அந்த நிலையில் அதிகபட்சம் 85 மில்லி ஓம், 300 மில்லி ஆம்ப்பில் இழப்பு வெறும் 25 மில்லி வோல்ட். 10 வோல்ட்டுக்கு மட்டும் மதிப்பு சொல்லும் பாகம் இங்கே உதவாது.

புதிதாகப் பலகை போடுவதாக இருந்தால் நான் இந்த மாஸ்ஃபெட் வித்தையையே சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எல்எம்66200 போன்ற இரட்டை ஐடியல் டையோடு (ஏறக்குறைய வோல்ட்டேஜ் இழப்பில்லாத டையோடு போல வேலை செய்யும்) சிப்: ஒரு கால் யூஎஸ்பிக்கு, ஒரு கால் பேட்டரிக்கு. 5 வோல்ட் எப்போதும் 4.2-ஐ ஜெயிக்கும் என்பதால் இங்கே 'உயர்ந்தது வெல்லும்' முறை சரிப்படும். அதன் உச்ச வேலை வோல்ட்டேஜ் 5.5, ஆகவே பேனலை அதில் தொடவிடாதீர்கள். இரண்டு, பவர் பாத் (லோடுக்கும் பேட்டரிக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் சுற்று) உள்ளே கொண்ட சார்ஜர்: பிக்யூ24074 அல்லது எம்சிபி73871. பிக்யூ24074-ல் இன்புட் போதவில்லை என்றால் முதலில் சார்ஜ் கரன்ட்டைக் குறைக்கும். அதுவும் போதாமல் லோடு லைன் பேட்டரியைவிட 40 மில்லி வோல்ட் கீழே போனால் பேட்டரியையும் சேர்த்துவிடும். 650 மில்லி வோல்ட் குழிக்குப் பதில் 40. பேனலும் யூஎஸ்பியும் ஷாட்கி வழியாக ஒரே இன்புட்டில் சேர்ந்தாலும் விடியற்காலை ரீசெட் வராது.

பேனலில் இன்னொரு சிக்கல் உண்டு. டிபி4056-க்குத் தன் இன்புட் பலவீனமானது என்று தெரியாது. கேட்ட கரன்ட்டை இழுக்கும், பேனல் சரியும், இன்புட் பேட்டரி வோல்ட்டேஜுக்கு அருகில் வந்ததும் சிப் தூங்கும், பேனல் மீண்டும் ஏறும், சிப் மீண்டும் எழும். மேகமூட்டத்தில் சார்ஜ் விளக்கு மினுக் மினுக் என்று அடிப்பது இதனால்தான். இன்புட் வோல்ட்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே இறங்காமல் சார்ஜ் கரன்ட்டைத் தானே தணித்துக்கொள்ளும் சிப் இருந்தால் இது நின்றுவிடும். பிக்யூ24074-ஐ யூஎஸ்பி 100 அல்லது 500 மில்லி ஆம்ப் நிலையில் வைத்தால் 4.5 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். எம்சிபி73871-ல் அந்த வரம்பை இரண்டு ரெசிஸ்டர் வைத்து நீங்களே அமைக்கலாம், ஒப்பீட்டு அளவு 1.23 வோல்ட்.

எம்பிபிடி (பேனலை அதன் உச்சத் திறன் புள்ளியிலேயே ஓட்டும் முறை) வேண்டுமா என்ற கேள்வி அடுத்து வரும். 1 வாட் பேனலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்சப் புள்ளியில் 5.5 வோல்ட், 180 மில்லி ஆம்ப். டிபி4056 போன்ற லீனியர் சார்ஜர் பேனலை அந்தப் புள்ளிக்குக் கீழே இழுப்பதால் கரன்ட் சற்றுக் கூடும், அந்த 190 மில்லி ஆம்ப்பை அப்படியே 3.8 வோல்ட் பேட்டரிக்குள் விடும், அதாவது 0.72 வாட். 90 விழுக்காடு திறனுள்ள ஸ்விட்சிங் சார்ஜர் 0.9 வாட் கொடுக்கும். கால் பங்கு லாபம். அதற்காக ஒரு இன்டக்டரும் கூடுதல் இரைச்சலும் வாங்குவதைவிட, கொஞ்சம் பெரிய பேனல் வைப்பது எளிது. 12 வோல்ட் பேனல் என்றால் பேச்சே வேறு, அங்கே லீனியர் சார்ஜர் மூன்றில் இரண்டு பங்கைச் சூடாக்கி எறியும், சிஎன்3791 மாதிரி பக் சார்ஜர் (வோல்ட்டேஜை இறக்கித் தரும் ஸ்விட்சிங் சார்ஜர்) கட்டாயம்.

பேனல் போதுமா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் விழித்தால் சராசரி 12 மில்லி ஆம்ப், நாளுக்கு 288 மில்லி ஆம்ப்-மணி. முழு வெயிலுக்குச் சமமான 4 மணி நேரம் கிடைத்தால் பேனல் தருவது 760. மேகமூட்டத்தில் அதில் பத்தில் ஒன்று என்று வைத்தால் 76. 3000 மில்லி ஆம்ப்-மணி செல்லை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் வரை மப்பான வானத்தைச் சமாளிக்கலாம். ஆனால் கருவி எப்போதும் விழித்தே இருந்தால் நாளுக்கு 2880 வேண்டும், இந்தப் பேனல் எந்தக் காலத்திலும் ஈடுகொடுக்காது.

'6 வோல்ட்' பேனல் லோடு இல்லாமல் 7 வோல்ட்டைத் தாண்டலாம், குளிரில் இன்னும் ஏறும். டிபி4056-ன் எல்லை 8. நெருக்கமாகத்தான் இருக்கிறது, ஒரு மல்டிமீட்டரால் வெயிலில் அளந்துவிட்டுக் கட்டுங்கள். நீளமான கேபிளை மின்சாரம் இருக்கும்போதே செருகினாலும் இதே ஆபத்து: கேபிளின் இன்டக்டன்ஸும் செராமிக் கெபாசிட்டரும் சேர்ந்து ஊஞ்சலாடி, 5 வோல்ட் ஒரு கணம் இரண்டு மடங்கு அருகே போகும். இன்புட் செராமிக்கோடு ஒரு எலக்ட்ரோலிட்டிக்கை இணையாகப் போட்டாலோ, செராமிக்குக்குத் தொடராக 1 ஓம் போட்டாலோ ஊஞ்சல் அடங்கிவிடும்.

மூன்றாவது புகார் இரண்டு ரெசிஸ்டர் விவகாரம். சி கனெக்டரின் சிசி1, சிசி2 இரண்டு பின்னிலும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் கிரவுண்டுக்கு இருந்தால்தான் சி போர்ட் 5 வோல்ட்டை விடும். பழைய ஏ முனை கேபிளில் இந்தக் கட்டுப்பாடு இல்லாததால் அது மட்டும் வேலை செய்கிறது. இரண்டு பின்னையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடாதீர்கள். 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4-ன் முதல் பலகைகள் அப்படிச் செய்துதான் சில கேபிள்களில் மின்சாரம் வாங்க முடியாமல் திண்டாடின. சிசி பின்னின் வோல்ட்டேஜை ஏடிசியில் (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) படித்தால் போர்ட் எவ்வளவு தரும் என்றும் தெரியும்: 0.66 வோல்ட்டுக்குக் கீழே அடிப்படை யூஎஸ்பி அளவு, 1.23 வரை 1.5 ஆம்ப், அதற்கு மேல் 3 ஆம்ப்.

அடிப்படை அளவு என்றால் யூஎஸ்பி 2-ல் 500 மில்லி ஆம்ப்தான். உங்கள் மாட்யூல் ஆலையிலிருந்து வரும்போது 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 1 ஆம்ப் சார்ஜுக்கு அமைந்திருக்கும். அதோடு லோடையும் சேர்த்தால் கணினி போர்ட் தாங்காது. அந்த ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓம் ஆக்குங்கள், சார்ஜ் சுமார் 250 மில்லி ஆம்ப் ஆகும், பலகையும் குளிர்ந்திருக்கும். 9 வோல்ட் கேட்டு வாங்கும் பிடி (யூஎஸ்பி பவர் டெலிவரி) டிரிக்கர் பலகையை மட்டும் இதில் செருகிவிடாதீர்கள், சிப் அந்தக் கணமே போய்விடும்.

நான்காவது புகாருக்கு ஒரே குற்றவாளி கிடையாது, சில்லறைத் திருடர்கள் பலர். 3.3 வோல்ட்டில் 1 கிலோ ஓமோடு எரியும் பவர் எல்இடி 1.3 மில்லி ஆம்ப் தின்னும், முதலில் அதைப் பிடுங்குங்கள். பேட்டரியை அளக்க 10 கிலோ ஓம் இரண்டு வைத்திருந்தால் 185 மைக்ரோ ஆம்ப். இரண்டையும் 1 மெகா ஓம் ஆக்கி, ஏடிசி பின்னில் 0.1 மைக்ரோ ஃபாரட் வைத்தால் 2 மைக்ரோ ஆம்ப்பில் முடிந்துவிடும். ரெகுலேட்டர் ஏஎம்எஸ்1117 என்றால் அதுவே சும்மா 5 மில்லி ஆம்ப் குடிக்கும், 1 வோல்ட்டுக்கு மேல் இடைவெளியும் கேட்கும், ஒற்றை செல்லுக்கு லாயக்கில்லை. எம்சிபி1700 தன்னளவில் 1.6 மைக்ரோ ஆம்ப்தான், ஆனால் 250 மில்லி ஆம்ப்தான் கொடுக்கும், 300-ல் துடிக்கும் வைஃபைக்கு அதைவிடப் பெரியது பாருங்கள். சென்சாரின் சப்ளையை வெட்டிவிட்டு அதன் டேட்டா பின்னை உயர்நிலையில் விட்டால், சென்சார் அந்தப் பின் வழியாகவே கரன்ட் உறிஞ்சும். வெட்டும்போது பின்களையும் தாழ்நிலைக்கோ இன்புட்டுக்கோ மாற்றுங்கள்.

நேரம் காட்ட டிஎஸ்3231 மாட்யூல் வைத்திருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் வகையில் 200 ஓம் ரெசிஸ்டரும் ஒரு சிறு கண்ணாடி டையோடும் சேர்ந்து காயின் செல்லைச் சார்ஜ் செய்யும். சிஆர்2032 சார்ஜ் ஏற்றவே கூடாத செல். அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள்.

வெப்பத்தைப் பற்றி இரண்டு வரி. 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படியும், அது மீளாது. 45 டிகிரிக்கு மேலும் கூடாது. மலிவு மாட்யூல்களில் டிபி4056-ன் வெப்பநிலை பின் கிரவுண்டில் கட்டப்பட்டு, அந்தப் பாதுகாப்பே அணைந்திருக்கும். வெயிலில் பேனலோடு நிற்கும் மூடிய பெட்டிக்கு 10 கிலோ ஓம் என்டிசி (வெப்பம் ஏறினால் ரெசிஸ்டன்ஸ் குறையும் சென்சார்) ஒன்றை செல்லோடு ஒட்டி வைப்பது அவசியம். செல் காலியாகும்போது லோடை வெட்டும் வேலையையும் டிடபிள்யூ01 பாதுகாப்பு சிப்பிடம் விடாதீர்கள், அது 2.4 வோல்ட் வரை இறங்கவிடும். மென்பொருளில் 3.3-ல் தூங்கவைத்து 3.6 ஏறினால் மட்டும் எழுப்புங்கள். இடைவெளி இல்லாவிட்டால் லோடு போனதும் செல் வோல்ட்டேஜ் மீண்டு, எழுந்து, சரிந்து, அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

சோதனையை நிரம்பிய பேட்டரியில் செய்யாதீர்கள், எல்லாம் நன்றாகவே தெரியும். செல்லை 3.6 வோல்ட்டுக்கு இறக்கி, வைஃபையைத் தொடர்ந்து அனுப்பவிட்டு, ஆஸிலோஸ்கோப்பை லோடு லைனில் 3.4 வோல்ட் இறங்குமுகத்தில் ஒற்றை ட்ரிக்கரில் வைத்து, கேபிளை இருபது முறை பிடுங்குங்கள். ஒருமுறை கூட ட்ரிக்கர் ஆகக் கூடாது. விடியற்காலைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பெஞ்ச் சப்ளையை 6 வோல்ட்டில் வைத்து, கரன்ட் வரம்பை அது அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, பேனல் இருக்கும் இடத்தில் இணைத்து, வரம்பை 5 மில்லி ஆம்ப்பிலிருந்து 150 வரை மெதுவாக ஏற்றி இறக்கினால் மேசையிலேயே விடியும், அந்தியும் சாயும்.